சுண்டுவிரல் அசைக்காத சென்செய்

“பதினோரு வருஷம்! எந்த வாத்தியார் சொல்லியும், எந்த ஹெட்மாஸ்டர் சொல்லியும், இந்தச் சுண்டுவிரலைக்கூட நான் அசைச்சதில்ல! ஜப்பான் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடுங்க, என்னை மாதிரி இன்னொருத்தனைக் காட்டுங்க!”

டிசம்பர் கடைசியில், உசுகிதாய் ஊரின் ஒரே விருந்துக்கூடத்தில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் ஆண்டு முடிவு விருந்து. பாய் விரித்த தரையில் பதினான்கு பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, நடுவில் எழுந்து நின்று பீர்க் கோப்பையை விளக்கு வரை உயர்த்தி இப்படி முழங்கியவர் ரிசலினோ அக்பயானி. பிலிப்பைன்ஸின் வடகோடியிலிருந்து வந்த துணை ஆங்கில ஆசிரியர். ஊருக்கு அவர் லினோ சென்செய், அதாவது லினோ வாத்தியார். வேறெந்த நாட்டில் ஒரு வாத்தியார் தலைமை ஆசிரியரை எதிரே வைத்துக்கொண்டு இப்படிப் பேசியிருந்தாலும், மறுநாள் காலையில் சீட்டுக் கிழிந்திருக்கும். இங்கே எல்லோரும் கைதட்டினார்கள். தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “கேக்கவே பெருமையா இருக்கு” என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். சட்டப்படி நடக்கிற பள்ளி என்று பெயரெடுப்பது லேசான காரியமா?

சங்கதி இதுதான். லினோ பள்ளியின் ஆள் அல்ல, நகராட்சியின் ஆளும் அல்ல. நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் இயங்கும் ஏஜென்சியின் ஆள். வருடத்துக்கு இத்தனை மணி நேரம் ஆங்கிலம் என்று நகராட்சி அந்த ஏஜென்சியிடம் குத்தகை பேசியிருக்கிறது. வீடு கட்டக் குத்தகை விட்டவர் கொத்தனாரிடம் போய், “கரண்டியை இப்படிப் பிடி” என்று சொல்ல முடியுமா? மேஸ்திரியிடம்தான் சொல்ல வேண்டும். அதே நியாயப்படி, பள்ளியில் யாரும் லினோவுக்கு நேராக ஒரு வேலையும் ஏவக் கூடாது. ஏவினால் அது ஒரு மீறல். ஏவியதை அவர் செய்துவைத்தால் அது இரண்டாவது மீறல்.

வகுப்பில் அவர் ‘ஆப்பிள்’ என்பதை இன்னொரு தடவை சொன்னால் தேவலை என்று டீச்சருக்குத் தோன்றுகிறது என்று வையுங்கள். டீச்சர் அதைத் தாளில் எழுதி ஏஜென்சிக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். ஏஜென்சி அதைப் பரிசீலித்து லினோவின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். லினோ அந்த டீச்சருக்கு ஓரடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். செய்தி வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் கல்லூரி முடித்துவிடுவார்கள் என்பது ஊர்க் குசும்பர்கள் கட்டிவிட்ட கதை. உண்மையில் மூன்றே நாளில் வந்துவிடும்.

உசுகிதாய்க்காரர்கள் வருடத்தில் நான்கு மாதம் பனிக்குள் புதைந்து கிடந்து பழகியவர்கள். வாசல் அடைபட்டால் ஜன்னல் வழியாக வெளியே வரத் தெரிந்தவர்கள். இதற்கும் ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்தார்கள். லினோவிடம் சொல்லக் கூடாது என்றுதானே சட்டம்? பூந்தொட்டியிடம் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே! மூன்றாம் வகுப்பு டீச்சர் ஜன்னலோரத்துத் தொட்டியைப் பார்த்து, “அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடினா பிள்ளைங்களுக்குக் குஷியா இருக்கும், இல்ல?” என்பார். துணைத் தலைமை ஆசிரியர் குடோ, ஆசிரியர் அறைச் சுவர்க்கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, “கடிகாரமே, வியாழக்கிழமை மூணாவது பீரியடு ரெண்டாவதுக்கு மாறியிருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ” என்பார். ஆறாம் வகுப்பில் கணப்படுப்பு. அந்தப் பள்ளியில் அஃறிணைகளுக்குக் கிடைத்த மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

லினோ இந்த ஜன்னல் வழியாகக்கூட வர மறுத்தார். “கடிகாரத்துக்குச் சொன்னது கடிகாரத்துக்கு” என்பது அவர் கட்சி. அந்த வியாழக்கிழமை இரண்டாவது பீரியடில் ஆசிரியர் அறையில் தேநீர் குடித்தார். மூன்றாவது பீரியடுக்கு மணியடித்ததும் கிளம்பிப் போய், உடற்பயிற்சிக்குப் போய்விட்ட வகுப்பின் காலி நாற்காலிகளுக்கு நாற்பத்தைந்து நிமிடம் பழங்களின் பெயர்களைக் கற்பித்துவிட்டு வந்தார். அன்றைய அறிக்கையில் ‘வகுப்பு அமைதியாக இருந்தது’ என்று எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளி முழுவதும் துடைப்பதுண்டு. தலைமை ஆசிரியர் உட்பட எல்லோரும் துணியும் கையுமாகக் குனிந்து நடைபாதையைத் துடைத்துக்கொண்டே ஓடுவார்கள். லினோவின் ஒப்பந்தத்தில் துடைப்பது இல்லை. அதனால் நடைபாதை நடுவில் கைகட்டி நின்றபடி, பிள்ளைகளின் ஈரத்துணி வரும்போது வலது காலைத் தூக்குவார், துணி திரும்பும்போது இடது காலைத் தூக்குவார். ஆறு வருடமாக இந்தக் கொக்குத் தவத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், ஆங்கிலம் பேசுகிற நாட்டில் எல்லோரும் இப்படித்தான் நிற்பார்கள் என்று நம்பினார்கள்.

இதையெல்லாம் கேட்டு லினோவைச் சோம்பேறி என்று நினைத்தால் அது பாவம். சொந்த ஊரில் அவர் உயர்நிலைப்பள்ளி அறிவியல் வாத்தியார். வகுப்புக்கு ஐம்பத்திரண்டு பிள்ளைகள். அதைவிடக் கொடுமை, அவரை ஏவுவதற்கு இருந்தவர்களின் எண்ணிக்கை. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்குப் போ. மேயர் மகளுக்குக் கல்யாணம், பந்தல் தோரணம் கட்டு. சாமியார் வருகிறார், பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்து. இன்ஸ்பெக்டருக்குக் கோழி பிடி. கோழி பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் ஏஜென்சியின் விளம்பரம் கண்ணில் பட்டது. கணினி முன்னால் உட்கார்ந்து நேர்காணல், பல் தெரியச் சிரிக்கும் புகைப்படம் நான்கு, அவ்வளவுதான். ஒப்பந்தம் வந்தது. அதன் நான்காம் பிரிவைப் படித்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ‘பணி செய்யும் இடத்தில் உள்ள எவரும் தங்களுக்கு நேரடியாக ஆணையிடலாகாது.’

எவரும்! உலகத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை மனிதர்கள் எழுதி, கீழே முத்திரையும் குத்துகிறார்களா? வேதம் படித்தவர்கள் சொல்கிற அந்த ஆனந்தம் தனக்கு அன்றைக்குக் கிடைத்தது என்று லினோ இன்றைக்கும் சொல்வார்.

மற்றவர்களுக்கு அது பிழைப்புக்கான விதி. லினோவுக்கு அது விடுதலைப் பத்திரம். பதினோரு வருடத்தில் ஏஜென்சியின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘மீறல்’ என்ற கட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்குப் பலனும் இருந்தது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஏஜென்சி பட்டியல் வெளியிடும். கட்டம் சுத்தமாக உள்ளவர்கள் இருக்கிற ஊரிலேயே தொடரலாம். கறைபட்டவர்கள் எங்கே காலியோ அங்கே போக வேண்டும். லினோவுக்கு இருக்கிற ஊரிலேயே இருந்தாக வேண்டிய கட்டாயம் உண்டு. அந்தக் கட்டாயத்தின் பெயர் பெர்லிதா.

பெர்லிதா அவர் மனைவி. ஏழு வருடம் அவள் ஹாங்காங்கில் ஒரு வீட்டில் சமையல், இவர் ஜப்பானில். தொலைபேசியிலேயே குடும்பம் நடந்தது. நான்கு வருடம் முன்புதான் அவளுக்கு உசுகிதாய் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து வந்து சேர்ந்தாள். ஜப்பானிய மொழியிலேயே எழுத வேண்டிய பராமரிப்பாளர் தேர்வை இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாவது தடவை, போன வசந்தத்தில், தேறிவிட்டாள். அந்த இல்லத்தில் அவள் இப்போது நிரந்தரம். ஊரைவிட்டு நகர முடியாது, நகரும் எண்ணமும் கிடையாது. லினோவின் அந்த ஒரு கட்டத்தில் ஒரு சொட்டு மை விழுந்தால், மறுபடி தொலைபேசிக் குடும்பம்தான்.

அந்தச் சொட்டு மை விழ வாய்ப்புள்ள நாள் ஒன்று ஜனவரியில் வந்து நின்றது. வட்டாரத்தில் வருடத்துக்கு ஒரு பள்ளி ‘பார்வை வகுப்பு’ நடத்த வேண்டும். நாற்பது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்திலிருந்து அறுபது ஆசிரியர்கள் பள்ளிக்குள் மாட்டிக்கொள்ளச் சொந்தச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, வகுப்பின் நான்கு சுவர்களிலும் பல்லி மாதிரி ஒட்டி நின்று, நாற்பத்தைந்து நிமிடப் பாடத்தைக் குறிப்பெடுப்பார்கள். பிறகு அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்கள். இந்த வருடம் உசுகிதாயின் முறை. பாடம் ஆங்கிலம். வகுப்பு ஆறாவது.

ஆறாம் வகுப்பு ஆசிரியை சசமோரிக்கு அறுபது வயது. மார்ச் மாதம் ஓய்வு.

இந்த அம்மாளைப் பற்றிச் சொல்லும்போது லினோவுக்குக் குரல் தானாகத் தணிந்துவிடும். அவர் பார்த்தவரை சசமோரி டீச்சருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆர்மோனியம் வாசிப்பார். பனிச்சறுக்கில் பிள்ளைகளுக்கு முன்னால் போய் வளைவில் நின்று பிடித்துக்கொள்வார். ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டப் பயந்த ஒரு பையனுக்காக, போன இலையுதிர்காலத்தில் தானே அதில் ஏறி, மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினார். மதியச் சாப்பாட்டை ஏழு நிமிடத்தில் முடிப்பார், அதே ஏழு நிமிடத்தில் இடது கையால் பதினோரு நாட்குறிப்பு நோட்டுகளில் சிவப்பு மையில் பதிலும் எழுதிவிடுவார். வகுப்பு இரைந்தால் அவர் குரல் உயராது. தணியும். தணியத் தணிய, ‘டீச்சர் எதையோ சொல்கிறார், நமக்குக் கேட்காமல் போகிறதே’ என்று பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். ஐம்பத்திரண்டு பிள்ளைகளை மூங்கில் பிரம்பால் மேசையைத் தட்டியே மேய்த்த லினோவுக்கு, இதைப் பார்க்கும்போதெல்லாம் வாய் திறந்தபடியே நின்றுவிடும்.

ஆனால் ஆங்கிலம் என்றதும் அதே சசமோரி டீச்சர் பல் பிடுங்க வரிசையில் உட்கார்ந்தவர் மாதிரி ஆகிவிடுவார். அவர் படித்த காலத்தில் ஆங்கிலம் என்பது கண்ணால் படிக்கிற பாடம். வாய்க்கு அதில் வேலை இல்லை. ஆங்கில வகுப்பில் கணப்படுப்புப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். எப்போதாவது அடுப்பிடம் மெதுவாக, “கொஞ்சம் வேகமாப் போகுதோ?” என்பார். லினோ அதைக் கேட்காத மாதிரி, தாளில் உள்ள வேகத்திலேயே போவார்.

பார்வை வகுப்பை யார் எடுப்பது என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்தது. இளைய டீச்சர்கள் எல்லோரும் தங்கள் கால்விரல்களை ஆராய்ந்தார்கள். சசமோரி கையைத் தூக்கினார்.

“நான் எடுக்கறேன்.”

“நீங்களா?” குடோவுக்கு நாக்கு குழறியது. “ஓய்வு பெறுற நேரத்துல எதுக்கு டீச்சர் இந்தத் தலைவலி?”

“அதனாலதான். நான் அவமானப்பட்டா ரெண்டு மாசத்துல முடிஞ்சுபோகும். இதுங்க பட்டா முப்பது வருஷம் கூடவே வரும்.”

லினோ அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர் இல்லை. ஆனாலும் வெந்நீர்க் குடுவைப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தபடி காதில் வாங்கிக்கொண்டார். கொதிக்கிற தேநீரை ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அந்த வாரமே ஏஜென்சியிலிருந்து ஹோஷினா வந்தார். இருபத்தெட்டு வயது ஒருங்கிணைப்பாளர். கோட்டு, டை, முழங்கால் வரை பனி பூட்ஸ். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தடவை மன்னிப்புக் கேட்கிற நல்ல பையன்.

“லினோ-சான், தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்க பேரைத்தான் மத்தவங்களுக்கு முன்மாதிரின்னு அனுப்பிக்கிட்டு இருக்கோம்.”

“தெரியும்” என்றார் லினோ அடக்கமாக.

“அன்னிக்கு நானும் பின்னால நின்னு பார்ப்பேன். தப்பா நினைக்காதீங்க. பக்கத்து மாவட்டத்துல ஒரு பார்வை வகுப்பு. நடுவுல டீச்சர், ‘அந்த ஜன்னலைச் சாத்துங்க’ன்னாங்க. நம்ம ஆள் சாத்திட்டார். பார்த்துக்கிட்டு நின்ன கூட்டத்துல தொழிலாளர் துறை அதிகாரியும் ஒருத்தர்.”

“அடப்பாவமே.”

“ஜன்னல் இன்னும் அங்கேயேதான் இருக்கு. ஆள்தான் இல்ல.”

“எங்க இருக்கார் இப்ப?”

“தெற்கே ஒரு தீவுல. வாரத்துக்கு ரெண்டு கப்பல். நல்ல காத்துன்னு கடுதாசி போட்டிருந்தார்.” ஹோஷினா குனிந்து வணங்கினார். “அதே தீவுல இன்னும் ஒரு இடம் காலியா இருக்கு. மன்னிக்கணும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த டீச்சர் உங்ககிட்ட நேரா ஏதாவது சொல்லி, நீங்க செஞ்சீங்கன்னா, நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுறதுக்கு ஒண்ணும் இருக்காது தம்பி. பேனாவை வீட்டுலேயே வெச்சுட்டு வாங்க.”

பாடத்திட்டம் பத்தொன்பது பக்கத்துக்குத் தயாரானது. சசமோரி எழுதி ஃபேக்ஸ் அனுப்ப, ஏஜென்சி படித்து லினோவுக்கு அனுப்ப, லினோவின் பதில் அதே வழியாகச் சுற்றிக்கொண்டு மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்த சசமோரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு நிமிடமும் அதில் எழுதப்பட்டிருந்தது. முதல் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் வணக்கமும் நலம் விசாரிப்பும், பேசுபவர் சசமோரி. மொத்தத்தில் அந்த அம்மாள் வாய் திறக்க வேண்டியது அந்த இடத்தில்தான். மற்றதெல்லாம் லினோவும் பிள்ளைகளும்.

ஒருநாள் நான்கு மணிக்கு லினோ வீட்டுக்குக் கிளம்பும்போது இசை அறையிலிருந்து குரல் கேட்டது. சசமோரி உள்ளே தனியாக நின்று அந்த இரண்டு நிமிட வணக்கத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வார்த்தையில் தடுக்கும். நிறுத்துவார். ஆர்மோனியத்திடம், “மன்னிச்சுக்கோ, முதல்லேருந்து” என்பார். மறுபடி ஆரம்பிப்பார். லினோ கதவுக்கு வெளியே நின்று எண்ணினார். இருபத்தாறு தடவை. இருபத்தாறு தடவையும் அந்த அம்மாள் ஆர்மோனியத்திடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வார்த்தையில் நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்பதைக் கதவைத் திறந்து சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் போதும். ஆனால் லினோவின் நேரம் மூன்றே முக்காலுக்கு முடிந்துவிட்டது. அதற்கு மேல் சொல்லிக்கொடுப்பது ஒப்பந்தத்தில் இல்லாத சேவை. காலணி அலமாரி வரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். வாசலில் பூட்ஸை மாட்டும்போது இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டி, பாதி தூரம் போன பிறகுதான் கண்டுபிடித்தார்.

சாப்பிடும்போது பெர்லிதாவிடம் சொன்னார். அவள் கத்தரிக்காயை மீன்விழுதில் வதக்கிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து வந்த மீன்விழுது. அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“இருபத்தாறு தடவை! நீ கதவுக்கு வெளிய நின்னு எண்ணிக்கிட்டு இருந்தியா பா?”

“வேற என்ன பண்ணச் சொல்ற?”

“ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. அந்த டீச்சரம்மா பனியில வழுக்கி விழுந்தா, தூக்குவியா, இல்ல ஃபேக்ஸ் வரட்டும்னு நிப்பியா?”

“விபத்துக்குத் தனிப் பிரிவு இருக்கு. பதினாலு. தூக்கலாம்.”

“‘என்னைத் தூக்குங்க’ன்னு அவங்களே சொன்னா?”

லினோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆழமாக யோசித்தார்.

“அவங்க சொல்லக் கூடாது. சொல்லாம விழணும்.”

பெர்லிதா சிரித்த சிரிப்பில் அடுப்பே அணைந்திருக்க வேண்டும். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். பிறகு அவள் குரல் மாறியது.

“இருந்தாலும் அன்னிக்குச் சும்மாவே நில்லு பா. எனக்கும் அந்தம்மாவை நினைச்சாப் பாவமாத்தான் இருக்கு. ஆனா ஏழு வருஷம் ஃபோன்ல உன் மூச்சைக் கேட்டே தூங்கியாச்சு. இன்னொரு தடவை என்னால ஆகாது.”

“அசைய மாட்டேன்” என்றார் லினோ.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை. ஆறாம் வகுப்பின் நான்கு சுவர்களிலும் அறுபது பேர். தலைமை ஆசிரியர் புதுச் செருப்பில். குடோ பழக்கதோஷத்தில் கடிகாரத்துக்குக் கீழே. ஹோஷினா கதவோரத்தில், கையில் அட்டையும் தாளும். பேனாவை அவர் வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை.

சசமோரி முன்னால் வந்து நின்றார். வணக்கம் சொன்னார். மூன்றாவது வார்த்தை வந்தது. லினோ மூச்சை அடக்கினார். அந்த வார்த்தை தடுக்கவில்லை. தரையில் ஓடும் ஈரத்துணி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இருபத்தாறு அன்றைக்கு எண்ணியது. அதற்குப் பிறகு எத்தனை இருபத்தாறோ, யார் கண்டது? லினோவின் முழங்கையில் மயிர் குத்திட்டு நின்றது. சசமோரி தன் பங்கு முடிந்து கணப்படுப்புப் பக்கம் போனார். இனி ஆபத்தில்லை. பதினோரு பிள்ளைகளும் எழுந்து, வளர்ந்து என்னவாக ஆசை என்று ஒருவரையொருவர் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார்கள். பேஸ்பால் ஆட்டக்காரர், முடிதிருத்துபவர், மறுபடி பேஸ்பால் ஆட்டக்காரர், கால்நடை மருத்துவர். திட்டத்தின் பதினோராம் பக்கம். இருபத்திரண்டாவது நிமிடம்.

அப்போது சுசுனே என்ற பெண், ஜோடியாக நின்ற தோழியை விட்டுவிட்டு, நேராகக் கணப்படுப்பை நோக்கிப் போனாள். டீச்சர் முன்னால் நின்று, கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில், கொஞ்சமும் பிசகாமல் கேட்டாள். சென்செய், நீங்கள் என்னவாக ஆசைப்படுகிறீர்கள்?

வேண்டுமென்று கேட்கவில்லை. எல்லோரையும் கேட்கச் சொன்னார்கள், டீச்சரை மட்டும் யாரும் கேட்காமல் நிற்கிறாரே என்று கேட்டாள். மார்ச்சில் ஓய்வு பெறப்போகும் அறுபது வயது அம்மாளிடம், வளர்ந்து என்னவாகப் போகிறீர்கள் என்று.

சுவரோரத்தில் சிலர் பத்தொன்பது பக்கத்தையும் புரட்டி இந்தக் கேள்வியைத் தேடினார்கள். அது எந்தப் பக்கத்திலும் இல்லை. சசமோரியின் முகம் வெளுத்தது. அவர் அடுப்பைப் பார்த்தார். உசுகிதாய் ஆசிரியர்கள் எல்லோரும் உள்ளூர அப்பாடா என்றார்கள். அடுப்பிடம் ஏதாவது சொல்வார், எப்படியாவது சமாளித்துவிடுவார். லினோவும் கேட்காமல் இருக்கத் தயாரானார்.

சசமோரி அடுப்பிலிருந்து கண்ணை எடுத்தார். திரும்பினார்.

“லினோ சென்செய்.”

இத்தனை வருடத்தில் வகுப்பில் யாரும் அவர் பெயரைச் சொல்லி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்ததில்லை.

“எனக்கு மனசுல பதில் இருக்கு. அதை இங்கிலீஷ்ல சொல்லத் தெரியல. இங்க வாங்க. சொல்லிக் குடுங்க.”

குரல் உயரவில்லை, நடுங்கவுமில்லை. மணி என்ன என்று சொல்வது மாதிரி அந்த அம்மாள் ‘தெரியல’ என்று சொன்னார். முப்பத்தெட்டு வருடம் தெரிந்ததை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், அறுபது வாத்தியார்களின் பேனாவுக்கு எதிரே, முதுகு வளையாமல். பிள்ளைகள் பதினோரு பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள். டீச்சர்களுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் உண்டு, அதை இப்படி நின்று சொல்லலாம் என்பது அவர்களுக்கு அதுவரை தெரியாது. லினோவுக்கும் தெரியாது. ஒப்பந்தத்தைப் படித்த அன்றைக்கு உடம்பு சிலிர்த்ததே, இது அதைவிடப் பெரிதாக, உள்ளங்காலில் ஆரம்பித்து ஏறியது.

கதவோரத்தில் ஹோஷினா பேனா மூடியைத் திறந்தார். சின்னச் சத்தம்தான். லினோவுக்குக் கேட்டது. இரண்டு ஆணைகள், அதுவும் நேரடியாக. வாரத்துக்கு இரண்டு கப்பல். பெர்லிதா இந்நேரம் யாருக்கோ கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள்.

கரும்பலகையிலிருந்து கணப்படுப்புக்கு ஏழு அடி. லினோ நடந்தார்.

சசமோரி அவர் பக்கம் சாய்ந்து பதிலைச் சொன்னார். ரகசியமாகச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

“பனி தள்ளுற வண்டி ஓட்டணும். அந்தப் பெரிய மஞ்சள் வண்டி. சின்ன வயசுலேருந்து ஆசை.”

லினோ அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை. அவர் அதை ஆங்கிலத்தில் நான்கு துண்டாக்கிக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டையும் அந்த அம்மாள் வாங்கி, நாக்கில் வைத்துப் பார்த்து, சுசுனேவிடம் கொடுத்தார். பிறகு வகுப்பு வெடித்தது.

“டீச்சர், லைசன்ஸ்?”

“ஏப்ரல்ல எடுக்கப்போறேன்.”

“எங்க வீட்டுத் தெருவுக்கு மொதல்ல வரணும் டீச்சர்!”

“வரிசைப்படிதான் வருவேன்.”

சுவரோரத்து அறுபது பேரில் பாதிப் பேர் குறிப்பெடுக்க மறந்துவிட்டார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் ஹோஷினா ஒருவர்தான். குனிந்த தலை நிமிராமல் எழுதினார். லினோ அதைப் பார்த்தார். லினோ பார்ப்பதை ஹோஷினாவும் நிமிர்ந்து பார்த்தார்.

சசமோரி கையைத் தட்டி வகுப்பை அடக்கினார். “துண்டு துண்டாச் சொன்னேன். ஒழுங்காச் சொல்லணும்.” மறுபடி லினோ பக்கம் திரும்பினார். “முழுசா ஒரு தடவை சொல்லுங்க.”

லினோ முழுதாகச் சொன்னார்.

“இன்னும் கொஞ்சம் மெதுவா.”

ஹோஷினா தாளைப் புரட்டினார். லினோ, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இன்னும் மெதுவாகச் சொன்னார்.